எல்லை தாண்டும் போலீஸ் விசாரணை: நீங்கள் சொன்னது எந்த மொழியில் பதிவாகிறது?

கோலா கெத்திலில் இருந்து பாலிங். அங்கிருந்து பெங்காலான் உலு. அதைத் தாண்டினால் புக்கிட் பெராப்பிட் சோதனைச் சாவடி. அந்தப் பக்கம் தாய்லாந்தின் பெத்தோங். காலையில் பசியாறிவிட்டுக் கிளம்பினால், மதியச் சாப்பாட்டை பெத்தோங்கில் முடித்துக்கொள்ளலாம். கெடா தோட்டங்களிலும் சிறு பட்டணங்களிலும் வளர்ந்த பல இளைஞர்களுக்கு அது வெளிநாடு மாதிரியே தெரிவதில்லை.

ஆனால், ஒரு சூழலைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கூட வந்த நண்பரின் பையில் எதையோ கண்டுபிடித்துவிட்டார்கள். உங்களையும் சேர்த்து போலீஸ் நிலையத்துக்கு அழைத்துப் போகிறார்கள். வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கைப்பேசியில் ஆங்கிலம் என்று மூன்று மொழி தெரிந்தவர் நீங்கள். எதிரில் இருக்கும் அதிகாரி எழுதுவதோ நான்காவது மொழியில். கடைசியில் ஒரு தாளை நீட்டி, "கையெழுத்துப் போடு" என்கிறார். அதில் என்ன எழுதியிருக்கிறது?

இரண்டு நாட்டுப் போலீஸ் சேர்ந்து வேலை செய்யும்போது மொழி எங்கே தடையாகிறது, அந்தத் தடையின் விலையை யார் கொடுக்கிறார்கள், நீங்கள் என்ன கேட்கலாம் என்பதை இந்தக் கட்டுரை விளக்குகிறது.

எல்லையில் என்ன மொழி பேசுகிறார்கள்?

மலேசியாவின் பெர்லிஸ், கெடா, பேராக், கிளந்தான் ஆகிய நான்கு மாநிலங்கள் தாய்லாந்தை ஒட்டியிருக்கின்றன. அந்தப் பக்கம் சத்துன், சொங்க்லா, யாலா, நராதிவாட் மாநிலங்கள். பெத்தோங் இருப்பது யாலாவில்.

பேச்சு அளவில் பார்த்தால், இங்கே மொழித் தடை நாம் நினைக்கும் அளவுக்குப் பெரியது இல்லை. யாலா, நராதிவாட் பகுதிகளில் மலாய் பேசும் மக்கள் ஏராளம். கெடாவின் பாலிங், சிக், பாடாங் தெராப் போன்ற மாவட்டங்களில் சயாமிய மொழி பேசும் மலேசியர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். எல்லைக் கடைகளில் வியாபாரம் நடக்கிறது, விலை பேசுகிறார்கள், சண்டைகூட போடுகிறார்கள்.

சிக்கல் தொடங்குவது பேச்சு தாளுக்குப் போகும்போது. தாய்லாந்துப் போலீஸ் கோப்பு அந்நாட்டின் எழுத்தில் இருக்கும். மலாய் நன்றாகப் பேசும் ஒரு யாலாக்காரர்கூட, போலீஸ் நிலையத்தில் தாய்லாந்து மொழியில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில்தான் கையெழுத்திடுவார். அதேபோல் மலேசியாவில் புகாரும் வாக்குமூலமும் பெரும்பாலும் மலாயில் பதிவாகும். நீங்கள் தமிழில் சொன்னாலும் அதிகாரி எழுதுவது மலாயாக இருக்கலாம்.

போலீஸும் போலீஸும் எந்த மொழியில் பேசிக்கொள்கின்றன?

சுருக்கமான பதில்: பெரும்பாலும் ஆங்கிலத்தில்.

ஆசியான் சாசனம் 2007-இல் கையெழுத்தானது. ஆசியானின் செயல்பாட்டு மொழி ஆங்கிலம் என்று அதன் 34-ஆவது பிரிவு சொல்கிறது. இந்த வட்டாரத்துப் போலீஸ் தலைவர்களை ஒன்றாகக் கொண்டுவரும் ஆசியானாபோல் அமைப்பின் முதல் கூட்டம் 1981-இல் மணிலாவில் நடந்தது. அதன் நிரந்தரச் செயலகம் 2010 முதல் கோலாலம்பூரில் இயங்குகிறது.

உலக அளவில் இருப்பது இன்டர்போல். 196 நாடுகள் அதில் உறுப்பினர்கள். ஆனால் அதிகாரபூர்வ மொழிகள் நான்குதான்: ஆங்கிலம், பிரெஞ்சு, ஸ்பானியம், அரபு. ஒவ்வொரு நாட்டிலும் இன்டர்போலுக்கு ஒரு தேசிய அலுவலகம் உண்டு. மலேசியாவில் அது புக்கிட் அமானோடு இணைந்தது. கோலா கெத்திலில் பதிவான ஒரு புகார் பேங்காக்குக்குப் போக வேண்டுமென்றால், மலாயில் உள்ள தகவல் ஆங்கிலமாக மாற வேண்டும். அங்கே போனதும் அது தாய்லாந்து மொழியாக மாறி, கீழ்நிலை அதிகாரியிடம் போய்ச் சேர வேண்டும். பதிலும் அதே வழியில் திரும்பி வர வேண்டும்.

இரண்டு போலீஸ் படைகள் தகவல் பரிமாறிக்கொள்வது ஒரு கட்டம். நீதிமன்றத்தில் காட்டக்கூடிய ஆதாரத்தைப் பெறுவது இன்னொரு கட்டம். முதலாவதை ஒரு தொலைபேசி அழைப்பில் முடித்துவிடலாம். இரண்டாவதற்குச் சட்டப்படியான கோரிக்கை தேவை. மலேசியாவில் அதற்கென 2002-ஆம் ஆண்டின் குற்றவியல் விவகாரங்களில் பரஸ்பர உதவிச் சட்டம் இருக்கிறது. ஆசியான் நாடுகளுக்கு இடையிலான பரஸ்பர உதவி ஒப்பந்தம் 2004 நவம்பரில் கோலாலம்பூரில் கையெழுத்தானது. கோரிக்கையும் அதன் ஆவணங்களும் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும், தேவைப்பட்டால் கேட்கப்படும் நாட்டின் மொழியில் மொழிபெயர்ப்பும் சேர்க்க வேண்டும் என்று அந்த ஒப்பந்தம் சொல்கிறது.

ஆக, அரசுகளுக்கு இடையே மொழிக்கு ஒரு ஏற்பாடு இருக்கிறது. மெதுவாக நடந்தாலும் நடக்கிறது.

வாங் கெலியான் காட்டியது என்ன?

இந்த எல்லையை உலகமே திரும்பிப் பார்த்த ஆண்டு 2015. மே மாதத் தொடக்கத்தில், தாய்லாந்தின் சொங்க்லா மாநிலக் காட்டில் ஆள்கடத்தல் முகாம்களும் புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டன. அதே மாதக் கடைசியில், எல்லைக்கு இந்தப் பக்கம் பெர்லிஸின் வாங் கெலியான் மலைக்காட்டில் 28 முகாம்களும் 139 புதைகுழிகளும் கண்டுபிடிக்கப்பட்டதாக மலேசியப் போலீஸ் அறிவித்தது. அங்கே அடைத்து வைக்கப்பட்டவர்களில் பலர் மியான்மரின் ரோஹிங்கியா மக்களும் வங்காளதேசத்தினரும்.

கடத்தல்காரர்களுக்கு அது ஒரே காடு, ஒரே பாதை. போலீஸுக்கோ இரண்டு நாடு, இரண்டு கோப்பு, இரண்டு எழுத்து. பாதிக்கப்பட்டவரின் மொழி இந்த இரண்டிலும் சேராது. உயிர்தப்பிய ஒருவர் ரோஹிங்கியா மொழியில் சொல்வதைத் தாய்லாந்து மொழியில் பதிவு செய்து, அந்தப் பதிவை ஆங்கிலமாக்கி, பிறகு மலேசிய நீதிமன்றத்துக்காக மலாயில் விளக்க வேண்டும் என்றால், ஒரே வாக்குமூலம் மூன்று முறை கைமாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ ஒன்று உதிரும். "என்னை அடித்தார்கள்" என்பதில் அடித்தது யார், எத்தனை பேர், எந்த முகாமில் என்பது போன்ற விவரங்கள்தான் வழக்கைத் தாங்குபவை. உதிர்வதும் பெரும்பாலும் அவையே.

தாய்லாந்தில் இந்த ஆள்கடத்தல் வலை தொடர்பான பெரிய வழக்கில் 2017 ஜூலை 19 அன்று தீர்ப்பு வந்தது. குற்றம்சாட்டப்பட்ட 103 பேரில் 62 பேர் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டனர். அவர்களில் ஒரு ராணுவ ஜெனரலும் இருந்தார். மலேசியாவில் 2019-இல் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 2017-இலேயே மலேசியா கேட்டிருந்த பத்து தாய்லாந்து நாட்டவரில் நான்கு பேர் 2023 ஜூனில் ஒப்படைக்கப்பட்டு, கங்கார் நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டனர்.

இந்த ஆறு ஆண்டுத் தாமதத்தின் பழியை மொழியின் மீது போட்டுவிட முடியாது. ஆளைக் கண்டுபிடிப்பது, அந்த நாட்டுச் சட்டப்படி ஒப்படைப்பது என்று பல படிகள் இருக்கின்றன. ஆனால் அந்த ஒவ்வொரு படியிலும் தாள் இருக்கிறது. தாள் இருக்கும் இடத்தில் எல்லாம் மொழிபெயர்ப்பு வேலையும் இருக்கிறது.

பெயர், ஆண்டு, மணி: சின்ன விஷயம், பெரிய சிக்கல்

மொழித் தடை என்றதும் நீளமான வாக்கியங்களைத்தான் நினைக்கிறோம். நடைமுறையில் காலை வாரிவிடுபவை மிகச் சின்ன விஷயங்கள்.

பெயர்: மலேசியத் தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அடையாள அட்டையில் நம் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் 'ஏ/எல்' அல்லது 'ஏ/பி' வரும். 'முதல் பெயர்', 'குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம் மட்டுமே உள்ள வெளிநாட்டுப் படிவத்தில், அப்பா பெயர் உங்கள் பெயராகப் பதிவாக நிறைய வாய்ப்பு உண்டு. அடுத்து, பெயர் தாய்லாந்து எழுத்துக்குப் போகிறது. அந்த மொழியில் 'முருகன்' என்பதில் வரும் மெல்லிய 'க' ஒலி இல்லை. ஆங்கில 'வி' ஒலியும் இல்லை. ஆங்கிலத்தில் 'வி'யில் தொடங்கும் வேலு, அங்கே போய்த் திரும்பி வரும்போது 'டபிள்யூ'வில் தொடங்கலாம். கணினியில் தேடினால் அது வேறு ஆள். அதனால்தான் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, கைரேகை ஆகியவற்றைப் பெயரைவிட முக்கியமாகப் பார்க்கிறார்கள்.

ஆண்டு: தாய்லாந்து அரசு ஆவணங்களில் புத்த ஆண்டுக் கணக்கு. நாம் திருவள்ளுவர் ஆண்டுக்கு 31 கூட்டுகிறோமே, அதே மாதிரி அவர்கள் 543 கூட்டுகிறார்கள். வாங் கெலியான் நடந்த 2015, அவர்கள் கோப்பில் 2558. மொழிபெயர்ப்பவர் கழிக்க மறந்தால் தவறு உடனே தெரிந்துவிடும். ஆனால் ஆண்டின் கடைசி இரண்டு எண்களை மட்டும் எழுதும் பழக்கம் இருந்தால்? 68 என்பது 1968-ஆ, 2568-ஆ, அதாவது 2025-ஆ?

மணி: மலேசியா தாய்லாந்தைவிட ஒரு மணி நேரம் முன்னால் இருக்கிறது. பெங்காலான் உலுவில் நள்ளிரவு 12.30 என்றால், பெத்தோங்கில் முந்தைய நாள் இரவு 11.30. கண்காணிப்புக் கேமரா, தொலைபேசிப் பதிவு, எல்லைச் சாவடி முத்திரை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, இந்த ஒரு மணி நேரத்தைக் கவனிக்காவிட்டால் தேதியே மாறிவிடும். "அப்போ நான் அங்கேயே இல்லை" என்று ஒருவர் சொல்வது உண்மையா பொய்யா என்பதுகூட அதில் தொங்கும்.

மொழிபெயர்ப்பாளர் இருந்தால் போதுமா?

"தமிழ் மொழிபெயர்ப்பாளர் வந்தாச்சு, இனி பிரச்சனை இல்லை" என்று நிம்மதி அடைவது இயல்பு. ஆனால் எந்தத் தமிழ்?

கோலா கெத்தில் இளைஞர் ஒருவர், "தீம்பார்ல பசியாறிட்டு, பசார்ல கொஞ்சம் சாமான் வாங்கினேன்" என்று சொல்வதாக வைத்துக்கொள்வோம். நமக்கு இது சாதாரணப் பேச்சு: தோட்டத்தில் காலை உணவு சாப்பிட்டுவிட்டு, சந்தையில் பொருள் வாங்கினார். தமிழ்நாட்டில் வளர்ந்த மொழிபெயர்ப்பாளருக்கு 'தீம்பார்' புரியாது. 'சாமான்' இன்னும் ஆபத்தானது. அதை மலாயில் 'பாராங்' என்று பெயர்த்தால், தெருப் பேச்சில் அதற்குப் போதைப்பொருள் என்ற அர்த்தமும் உண்டு. காய்கறி வாங்கிய ஆள், ஒரே வார்த்தையில் வேறு ஆளாகிவிடுவார்.

இன்னொரு சொல் 'சரி'. அதிகாரி ஒன்று சொல்லும்போது, "சரிங்க சார்" என்று நாம் சொல்வது பல நேரம் 'நீங்கள் சொல்வது காதில் விழுந்தது' என்ற மரியாதைக்காக. அதையே 'ஒப்புக்கொண்டார்' என்று எழுதிவிட்டால் அது ஒப்புதல் வாக்குமூலம். கைப்பேசிச் செயலி மொழிபெயர்ப்பிலும் இதே சிக்கல்தான். வழி கேட்கவும் சாப்பாடு ஆர்டர் செய்யவும் செயலி போதும். கைதான ஒருவரின் வாக்குமூலத்துக்கு அது போதாது.

இது வெறும் கற்பனைப் பயம் இல்லை. பக்கத்து நாடான சிங்கப்பூரில் தங்கராஜு சுப்பையா என்ற தமிழர், ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமான கஞ்சா கடத்தலுக்கு உடந்தையாக இருந்ததாகத் தண்டிக்கப்பட்டு, 2023 ஏப்ரல் 26 அன்று தூக்கிலிடப்பட்டார். போலீஸ் வாக்குமூலம் எடுத்தபோது தனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் தரப்படவில்லை என்பது அவர் தரப்பு வாதங்களில் ஒன்று. நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. பின்னர் எடுக்கப்பட்ட வாக்குமூலங்களின்போதும் அவர் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கவில்லை என்பதை நீதிபதி சுட்டிக்காட்டினார்.

அந்த வழக்கில் யார் சொன்னது சரி என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை. ஆனால் அதிலிருந்து எல்லாருக்கும் ஒரு பாடம் உண்டு. மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதல் நாளே கேட்பதும், பிறகு நீதிமன்றத்தில் சொல்வதும் ஒன்றாக எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.

வேலை மோசடி: பாதிக்கப்பட்டவரா, குற்றவாளியா?

"நல்ல சம்பளம், தங்குமிடம் இலவசம், தாய்லாந்தில் வாடிக்கையாளர் சேவை வேலை." இப்படி ஒரு விளம்பரம் உங்கள் கைப்பேசிக்கும் வந்திருக்கலாம். நம்பிப் போன மலேசிய இளைஞர்கள் பலர், தாய்லாந்தின் மே சொட் வழியாக மியான்மரின் மியாவாடி பகுதிக்கோ, கம்போடியாவுக்கோ கொண்டு செல்லப்பட்டு, இணைய மோசடி முகாம்களில் வேலை செய்யக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள். 2025 பிப்ரவரியில் மியாவாடி முகாம்களில் இருந்து பல நாடுகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர் வெளியே கொண்டுவரப்பட்டனர்.

வெளியே வந்ததும் அதிகாரிகள் விசாரிப்பார்கள். எப்படி வந்தாய், யார் அழைத்து வந்தார், பாஸ்போர்ட்டைப் பிடுங்கினார்களா, அடித்தார்களா என்று கேட்பார்கள். அந்தப் பதில்களை வைத்துத்தான் ஒருவர் ஆள்கடத்தலில் பாதிக்கப்பட்டவரா, சட்டவிரோதமாக எல்லை தாண்டியவரா, மோசடிக்காரரா என்று முடிவாகிறது. தன் கதையைத் தெளிவாகச் சொல்ல மொழி கிடைக்காதவர் தப்பான பட்டியலில் விழக்கூடும்.

அதனால்தான் ஆள்கடத்தலுக்கு எதிரான 2000-ஆம் ஆண்டின் ஐநா நெறிமுறை, பாதிக்கப்பட்டவர்களுக்கு அவர்களின் உரிமைகளை அவர்களுக்குப் புரியும் மொழியில் விளக்க ஏற்பாடு செய்யும்படி நாடுகளைக் கேட்டுக்கொள்கிறது.

மற்ற நாடுகள் என்ன செய்கின்றன?

இங்கிலாந்தையும் பிரான்ஸையும் இணைக்கும் கடலடிச் சுரங்கப்பாதை 1994-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே இரு பக்கப் போலீஸும் வானொலியில் எப்படிப் பேசிக்கொள்வது என்ற கேள்வி எழுந்தது. அதற்காக 'போலீஸ்ஸ்பீக்' என்ற திட்டம் உருவானது. அவசர நேரத்தில் பயன்படும் சொற்களையும் வாக்கிய அமைப்புகளையும் குறைத்து, இரு மொழியிலும் ஒரே பொருள் தரும்படி ஒழுங்குபடுத்தினார்கள். முழு மொழியையும் கற்றுக்கொள்ளாமலே வேலையை முடிக்கும் வழி அது.

ஐரோப்பிய ஒன்றியம் 2010-இல் இன்னொரு பக்கத்தைக் கவனித்தது. சந்தேக நபர்களுக்கும் குற்றம்சாட்டப்பட்டவர்களுக்கும், போலீஸ் விசாரணையில் இருந்தே இலவசமாக மொழிபெயர்ப்பு வழங்குவதை உறுப்பு நாடுகளுக்குக் கடமையாக்கியது. ஒரு நாட்டின் கைது ஆணையை இன்னொரு நாடு நிறைவேற்றும்போதும் அது பொருந்தும்.

முதல் ஏற்பாடு போலீஸுக்காக. இரண்டாவது, போலீஸ் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஆளுக்காக. நம் வட்டாரத்தில் முதல் வகை ஏற்பாடுகள் வளர்ந்திருக்கின்றன. ஐரோப்பாவில் உள்ளது போல எல்லா நாடுகளையும் கட்டுப்படுத்தும் இரண்டாவது வகை விதி ஆசியானில் இல்லை.

உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறது?

தாய்லாந்தில்: மொழி புரியாதவருக்கு மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு செய்ய அந்நாட்டுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. குற்றம்சாட்டப்பட்டவருக்கு இலவச மொழிபெயர்ப்பு உரிமை தரும் குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையிலும் தாய்லாந்து சேர்ந்திருக்கிறது. மலேசியா இன்னும் சேரவில்லை.

எந்த வெளிநாட்டிலும்: 1963-ஆம் ஆண்டின் வியன்னா தூதரக உறவுகள் ஒப்பந்தத்தின் 36-ஆவது பிரிவுப்படி, கைதான வெளிநாட்டவர் கேட்டால் அவருடைய நாட்டுத் தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் சொல்ல வேண்டும். இந்த உரிமை இருப்பதை அவரிடம் சொல்வதும் அதிகாரிகளின் கடமை. இந்தியரான குல்பூஷண் ஜாதவ் வழக்கில், பாகிஸ்தான் இந்தப் பிரிவை மீறியது என்று அனைத்துலக நீதிமன்றம் 2019-இல் தீர்ப்பளித்தது. தெற்குத் தாய்லாந்தில் இருக்கும் மலேசியர்களுக்கு மிக அருகில் இருப்பது சொங்க்லாவில் உள்ள மலேசியத் துணைத் தூதரகம்.

மலேசியாவில்: கைதுக்கான காரணத்தைத் தெரிந்துகொள்ளவும் வழக்கறிஞரைச் சந்திக்கவும் அரசியலமைப்பின் 5-ஆவது பிரிவு உரிமை தருகிறது. உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்லும் உரிமை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 28ஏ பிரிவில் இருக்கிறது. சாட்சியாக நீங்கள் தரும் வாக்குமூலத்தை, நீங்கள் பேசிய மொழியிலேயே படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்கிறது அதே சட்டத்தின் 112-ஆவது பிரிவு. மலேசியக் குடிமக்களுக்குத் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை மூலம் இலவச வழக்கறிஞர் உதவியும் உண்டு.

இவற்றை நடைமுறையில் எப்படிப் பயன்படுத்துவது?

ஒன்று, அரைகுறையாகத் தெரிந்த மொழியில் விசாரணைக்குப் பதில் சொல்லாதீர்கள். மலாயில் நன்றாகப் பேசுபவருக்கும் பதற்றத்தில் வார்த்தை தடுமாறும். "எனக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று முதலிலேயே, தெளிவாகச் சொல்லுங்கள். அதைக் குறித்துக்கொள்ளும்படியும் கேளுங்கள்.

இரண்டு, மொழிபெயர்ப்பாளர் சொல்வது உங்களுக்குப் புரியவில்லை என்றால், அல்லது நீங்கள் சொல்வது அவருக்குப் புரியவில்லை என்று தோன்றினால், நிறுத்திச் சொல்லுங்கள். அது மரியாதைக் குறைவு இல்லை.

மூன்று, படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். வற்புறுத்தினால், தூதரகத்தையோ வழக்கறிஞரையோ தொடர்புகொண்ட பிறகு போடுவதாகச் சொல்லுங்கள்.

நான்கு, எல்லை தாண்டும் முன்பு பாஸ்போர்ட் எண்ணையும் தூதரகத் தொலைபேசி எண்ணையும் வீட்டில் ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்கள் பெயரை எத்தனை விதமாக எழுதினாலும், அந்த எண் மாறாது.

ஐந்து, இணைய மோசடியில் பணத்தை இழந்தால் உடனே 997 என்ற தேசிய மோசடி எதிர்ப்பு மைய எண்ணை அழையுங்கள். வேலைக்கென்று வெளிநாடு போன ஒருவர் சிக்கிக்கொண்டதாகத் தெரிந்தால், பக்கத்துப் போலீஸ் நிலையத்தில் புகார் கொடுங்கள். அவர் கடைசியாக அனுப்பிய குறுஞ்செய்திகளை, எந்த மொழியில் இருந்தாலும், அப்படியே காட்டுங்கள். நீங்களே மொழிபெயர்த்துச் சுருக்கிச் சொல்ல வேண்டாம்.

தோட்டத்தில் நம் தாத்தா பாட்டி காலத்தில், புரியாத தாளில் கைநாட்டு வைத்து ஏமாந்த கதைகளை வீட்டில் கேட்டிருப்போம். அவர்களுக்கு எழுத்துத் தெரியாது. நமக்கு மூன்று மொழியில் எழுதத் தெரியும். ஆனாலும் எல்லையைத் தாண்டிய பிறகு, நான்காவது மொழியில் எழுதிய தாளுக்கு முன்னால் நாமும் அதே இடத்தில்தான் நிற்கிறோம். படித்துக் காட்டச் சொல்லிக் கேட்கலாம் என்பது நமக்குத் தெரியும். அந்த நேரத்தில் அதைக் கேட்க வேண்டும்.